‘பழகிப் போச்சு’ என்பதற்கு ஒரு லேப்காரனின் பதில்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கும் 28 வயது தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: “சேர்ந்த புதிதில் அப்பரில் (ஷூவின் மேல்பகுதியில்) ஒரு தையல் விலகியிருந்தாலும் நிறுத்திவிடுவேன். இப்போது அதே மாதிரி ஜோடி என் கையைத் தாண்டிப் போய்விடுகிறது. எனக்கே அது பிறகுதான் உறைக்கிறது. வீட்டிலும் அப்படித்தான். காலை ஓட்டம், படிப்பு, வரவு செலவு எழுதுவது எல்லாம் மூன்று மாதம் ஜோராக நடக்கும், அப்புறம் நின்றுவிடும். ‘ரொம்பப் பார்க்காதே, போகப் போகப் பழகிடும்’ என்கிறார்கள் சீனியர்கள். நாற்பது வருஷம் ஒரே தரத்தில் வாழ்ந்தவர்கள் எப்படிச் செய்தார்கள்? நான் என் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா?”

நான் வேலூரில் மருத்துவ லேபில், ரத்தமும் சிறுநீரும் பார்த்தே காலம் கழித்து ஓய்வு பெற்றவன். எங்களுக்குத் தரம் என்பது தினசரிப் பிழைப்பு. அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன், உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

‘எனக்கே அது பிறகுதான் உறைக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், சிக்கல் முழுக்க அந்த வரியில் இருக்கிறது. மனவுறுதி குறைந்துவிட்டது என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தையலைப் பார்க்கும் கண் நகர்ந்திருக்கிறது. நாள் முழுக்க ஜோடி ஜோடியாகப் பார்க்கும் கண், நேற்று விட்டதை இன்றைக்குச் ‘சரி’ என்று வைத்துக்கொள்ளும். இன்று கொஞ்சம் கூடுதலாக விட்டால் நாளைக்கு அதுவே சரி. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று விடாமுயற்சிக்குத்தான் சொல்வார்கள். தரம் நகர்வதும் அதே வழியில்தான். கண் நகர்ந்துவிட்டதா என்று பார்க்க அதே கண்ணைத்தானே நம்புகிறீர்கள்? அது எப்படிக் காட்டிக் கொடுக்கும்?

லேபில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. காலையில் நோயாளிகளின் ரத்தத்தை மெஷினில் வைப்பதற்கு முன்னால் ‘கன்ட்ரோல்’ என்று ஒன்றை ஓட்டுவோம். அதில் சர்க்கரை எவ்வளவு என்பது ஏற்கனவே தெரிந்திருக்கும். உதாரணமாக 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் சரியாக 100 வராது. 98 வரும், 103 வரும். அந்தச் சிதறல் எவ்வளவு என்று கணக்குப் போட்டு எல்லை வைத்திருப்போம். இந்த உதாரணத்தில் 94 முதல் 106 வரை. தினமும் வந்த எண்ணை ஒரு கட்டத்தாளில் புள்ளியாக வைப்போம். 1924இல் வால்டர் ஷூவர்ட் என்ற அமெரிக்கர் டெலிபோன் தயாரிக்கும் தொழிற்சாலைக்காக யோசித்த முறை இது. 1950இல் லெவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர் இதை மருத்துவ லேபுக்குக் கொண்டுவந்தார்கள். 1981இல் வெஸ்ட்கார்ட் என்பவர் புள்ளிகளை எப்படிப் படிப்பது என்று விதிகள் எழுதினார். சாதாரணத் தாள்தான். ஆனால் மனுஷனின் தரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தத் தாளிலிருந்து வந்தது.

இரண்டு விதிகளை மட்டும் சொல்கிறேன். எல்லாம் ஒழுங்காக இருக்கும் லேபிலும், 20 நாளில் ஒரு நாள் புள்ளி அந்த எல்லைக்கு வெளியே விழும். மெஷின் கெடவில்லை, ஆளும் தூங்கவில்லை, கணக்குப்படியே அப்படித்தான் விழும். அதைப் பார்த்து மெஷினைப் பிரித்துப் போடுகிறவன் அனுபவம் இல்லாதவன். இரண்டாவது விதி இதற்கு நேர் எதிர். பத்து நாளாகப் புள்ளி எல்லாம் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் பத்தும் நடுக்கோட்டுக்கு (நம் உதாரணத்தில் 100) ஒரே பக்கம் விழுந்திருக்கிறது என்றால், ஏதோ நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். தற்செயலாக அப்படி நடக்க 512இல் ஒரு வாய்ப்புதான். தனித்தனியாகப் பார்த்தால் எந்த நாளும் தப்பாகத் தெரியாது. வரிசையாகப் பார்த்தால்தான் தெரியும்.

நாம் வாழ்க்கையில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். குடியாத்தத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், இரண்டு நாள் ஓட்டம் தவறிப்போச்சு. உடனே ‘நமக்கெல்லாம் இது வராது’ என்று மொத்தத்தையும் விட்டுவிடுகிறோம். சிதறலுக்குத் தூக்குத் தண்டனை. அதே ஆள் தினம் 20 பக்கம் படித்துக்கொண்டிருந்தவர், 15 ஆகி, 10 ஆகி, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 4 பக்கத்தில் நிற்பார். ‘தினமும் படிக்கிறேனே’ என்பார். நகர்தல் அவர் கண்ணில் படவே படாது. உங்கள் மூன்று மாதக் கணக்கும் பெரும்பாலும் இப்படித்தான் முடிந்திருக்கும். எதற்காக நின்றது என்று யோசித்துப் பாருங்கள்: ஒரு கெட்ட வாரத்துக்காக நீங்களே நிறுத்தினீர்களா, அல்லது கரைந்து கரைந்து காணாமல் போனதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கரைவது ஏன் தெரியாமல் போகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அலட்சியம் அப்போதைக்கு நல்ல பலனைத்தான் தரும். சர்க்கரை பார்க்க எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் அப்படியே மேசைமேல் வைத்தால், ரத்த அணுக்கள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். வேலூர் மே மாத வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் 132 இருந்தவருக்கு, இரண்டு மணி நேரம் கிடந்த ரத்தத்தில் 116 பக்கம் வரும். 126 தொட்டால் சர்க்கரை நோய் என்பது கணக்கு. ‘உங்களுக்கு இன்னும் சர்க்கரை வரலைங்க’ என்று ரிப்போர்ட் சொல்லும், அவரும் சந்தோஷமாக மிட்டாய்க் கடைப் பக்கம் போவார். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், நன்றி சொல்லிவிட்டுக்கூடப் போவார்கள். உங்கள் தையல் விலகிய ஜோடியும் அப்படித்தான். கப்பல் ஏறிப் போய், எங்கோ ஒரு நாட்டில் ஆறு மாதம் கழித்து வாய் பிளக்கும்போது உங்கள் பெயர் அதில் இருக்காது. 1986 ஜனவரி 28 அன்று ஏழு பேரோடு வெடித்த சேலஞ்சர் விண்கலத்தின் கதையும் இதுதான். ராக்கெட் இணைப்பிலிருந்த ரப்பர் வளையங்கள் முந்தைய பயணங்களிலேயே அரித்துப்போய்த் திரும்பியிருந்தன. ஒவ்வொரு தடவையும் கலம் பத்திரமாக வந்துவிட்டதால், அரிப்பே சகஜம் என்று ஆகிவிட்டது.

‘அனுபவம் கூடக் கூடத் தரம் தானாக வரும்’ என்று உங்கள் சீனியர்கள் சொல்லக்கூடும். வராது. டாக்டர்களை வைத்து நடந்த 62 ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. பாதிக்குச் சற்று மேலான ஆய்வுகளில், பணிபுரிந்த வருஷம் கூடக் கூட சிகிச்சைத் தரம் அளந்த எல்லா விதத்திலும் குறைந்தே போயிருந்தது. படித்து முடித்தபோது இருந்த அளவுகோலோடு அப்படியே நின்றுவிடுவது ஒரு காரணம் என்று எழுதியிருந்தார்கள். என் சொந்த அனுபவமும் அதுதான்: ‘இருபது வருஷ சர்வீஸ்’ என்று சொல்கிறவர்களில் சிலர் ஒரே வருஷத்தை இருபது தடவை செய்தவர்கள்.

அப்படியானால் வழி என்ன? அளவுகோலை உங்களுக்கு வெளியே வைக்க வேண்டும். இதில் நம்ம ஊருக்கு ஒரு பெருமை உண்டு. சிஎம்சி மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறை, நாட்டின் பல ஊர்களில் இருக்கும் லேப்களுக்கு, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாமல் சாம்பிள் அனுப்புகிறது. அவர்கள் டெஸ்ட் பண்ணி எண்ணை அனுப்ப வேண்டும். மற்ற லேப்களோடு ஒப்பிட்டு, நீ எங்கே நிற்கிறாய் என்று பதில் வரும். தினசரி கன்ட்ரோல் நம் பொய்யை நமக்குச் சொல்லும். வெளியிலிருந்து வரும் இந்தச் சாம்பிள், கன்ட்ரோலுக்கும் சேர்த்து நாம் சொல்லிக்கொண்ட பொய்யைச் சொல்லும். இதிலும் திருட்டுத்தனம் நடக்கும் என்பது வேறு விஷயம். அந்தச் சாம்பிள் வந்த அன்று மட்டும் கைதேர்ந்த ஆளைக் கூப்பிட்டு, மூன்று தடவை ஓட்டி, சராசரி போட்டு அனுப்புகிற லேப்கள் உண்டு. பையர் ஆடிட் (சரக்கு வாங்கும் கம்பெனியின் சோதனை) அன்று தரை பளபளப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான்.

தமிழறிஞர் மு.வ.வை எடுத்துக்கொள்ளுங்கள். வடாற்காடு மாவட்டத்துக்காரர், 1912இல் பிறந்தவர், திருப்பத்தூரில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாக ஆரம்பித்தவர். கல்லூரி வாசலை மிதிக்காமல் தானே படித்து 1935இல் வித்துவான் தேர்வில் மாகாணத்தில் முதலாவதாக வந்தார். பிறகும் விடவில்லை, ஒன்றன்பின் ஒன்றாக எழுதி 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். கடைசியில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவர் உழைப்பைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் கவனிப்பது வேறொன்று: தனியாகப் படிக்கிறவனுக்குத் ‘தெரியும்’ என்ற மயக்கம் சீக்கிரம் வரும். சில வருஷத்துக்கு ஒரு முறை தன்னைத் தெரியாத ஒருவர் முன்னால் தாளை நீட்டியதால் அந்த மயக்கத்துக்கு அவரிடம் இடமில்லாமல் போயிருக்க வேண்டும். உங்களுக்குத் தேர்வு எழுதும் வயது போய்விட்டது என்றால், கூசாமல் உண்மை சொல்கிற ஒரு ஆள் போதும். அது பெரும்பாலும் நண்பராக இருக்காது. உங்களைவிட நல்ல வேலைக்காரராகவும், உங்களிடம் எதுவும் எதிர்பார்க்காதவராகவும் இருந்தால் நல்லது.

ஏலகிரிக்கு அந்தப் பக்கம் காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியையும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அந்தக் கண்ணாடியைத் தேய்த்தவர்கள் பளபளப்பை நம்பவில்லை. ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கு மேடு பள்ளம் இருந்தாலே நட்சத்திரம் கலங்கும், அது கண்ணுக்கோ விரலுக்கோ தெரியாது. கொஞ்சம் தேய்ப்பது, சோதிப்பது, மறுபடி தேய்ப்பது என்று வருஷக்கணக்கில் போனது. அதற்காகவே உழைத்த வைணு பாப்பு 1982இல் இறந்துவிட்டார். 1986இல்தான் திறந்தார்கள், இப்போது அவர் பெயரில்தான் இயங்குகிறது.

சரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எதிர்பார்ப்பைக் குறைக்கலாமா? இங்கே லேபில் ஒரு நல்ல பழக்கமும் இரண்டு கெட்ட பழக்கங்களும் உண்டு. கெட்டதில் முதலாவது: கன்ட்ரோல் எல்லைக்கு வெளியே வந்தால் மறுபடி ஓட்டுவது, வரவில்லையா, இன்னொரு தடவை. நாலாவது தடவை உள்ளே விழுந்ததும் ‘ஓகே’ என்று கையெழுத்துப் போடுவது. நமக்கு நாமே சாக்கு தேடுவது இதுதான். முதல் சாக்கு ஒட்டாது, நாலாவது ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது கெட்ட பழக்கம் இன்னும் நேர்த்தியானது: புள்ளிகள் எல்லாம் கீழே விழுகிறதா, நடுக்கோட்டையே கீழே இறக்கிவிடுவது. தாள் அழகாக இருக்கும்.

நல்ல பழக்கம் என்னவென்றால், கன்ட்ரோல் தீர்ந்து புது லாட் (அடுத்த தயாரிப்புத் தொகுதி) வரும்போது அதற்குப் புதிதாக நடுக்கோடு போட வேண்டும். அதுவும் ஒரே நாளில் போட முடியாது. பழையது கையிலிருக்கும்போதே இரண்டையும் சேர்த்து, குறைந்தது 20 நாளாவது ஓட்டிப் பார்த்துத்தான் போடுவோம். அதாவது மாற்றத்துக்கு ஒரு வெளிக் காரணம் இருக்கிறது, அது எழுதப்பட்டிருக்கிறது, மாற்றும்போது நாம் கண் திறந்திருக்கிறோம். குழந்தை பிறந்த வீட்டில், அப்பா படுத்துவிட்ட வீட்டில், அறுபதைத் தாண்டிய முழங்காலில் பழைய நடுக்கோட்டை வைத்துக்கொண்டு அழுவதில் அர்த்தமில்லை. புதுக் கோடு போடுங்கள். ஆனால் தேதி போட்டு, காரணம் எழுதிப் போடுங்கள். கரைந்து போனதற்குப் பின்னால் ‘நானே குறைத்துக்கொண்டேன்’ என்று சொல்வது இதில் சேராது.

இதற்கு என் மனதில் நிற்கும் ஆள் டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்திலிருந்து வந்து சிஎம்சியில் படித்தவர். 1954இல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனது, முகத்திலும் பலத்த காயம். இளம் டாக்டர். அறுவை சிகிச்சை என்றால் மணிக்கணக்கில் நிற்கும் வேலை. அங்கேயே கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் 1948இலேயே இங்கே தொடங்கியிருந்தார். கையில் செய்யும் அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதைச் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, அந்தத் துறைக்கு இங்கே தலைமை ஏற்றார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972இல் பத்மஸ்ரீ. அவர் எதைக் குறைத்தார், எதைக் குறைக்கவில்லை என்று பாருங்கள். நிற்பதை விட்டார், செய்யலாம் என்று நினைத்த சிகிச்சைகளில் பலவற்றை விட்டார். கத்தி பிடிக்கும் கைக்கு வேண்டிய துல்லியத்தில் சலுகை கேட்கவில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் டாக்டர் என்பதற்காக நோயாளியின் விரல் கொஞ்சம் கோணலாக நிமிர்ந்தால் பரவாயில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அடுத்தவர் மேல் விழும் தரத்துக்கு நடுக்கோடு மாறாது. நம்மோடு முடிந்துபோகிற தரத்தில், ஓட்டம், பக்கம், எடை இதிலெல்லாம், தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். உங்களுக்கு ஷூ முதல் வகை, காலை ஓட்டம் இரண்டாவது வகை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து வருத்தப்படுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று, சுருக்கமாக. உயர்ந்த தரம் என்ற பெயரில் நம்மூர்ப் பிள்ளைகள் பலர் சுமப்பது ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பதை. மனநல ஆய்வாளர்கள் ஹெவிட், ஃப்ளெட் இருவரும் 1991இல், எல்லாம் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தானே தன்னிடம் எதிர்பார்ப்பது, மற்றவர்களிடம் எதிர்பார்ப்பது, மற்றவர்கள் தன்னிடம் எதிர்பார்ப்பதாக நினைத்துக்கொள்வது. மூன்றாவதுதான் ஆளை அதிகமாகத் தின்னும், மனச்சோர்வோடு நெருங்கிய தொடர்பு அதற்குத்தான். இரண்டாவது, வீட்டில் இருப்பவர்களைத் தின்னும். வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நான் வீட்டிலும் எல்லாவற்றையும் அளந்துகொண்டிருந்தபோது, “ரசத்துக்கும் கன்ட்ரோல் ஓட்டப் போறீங்களா?” என்று என் வீட்டம்மா கேட்டார். அதோடு சமையலறைப் பக்கம் அளவெடுக்கப் போனதில்லை.

உங்களுக்குச் செய்யச் சொல்வது அதிகமில்லை. கம்பெனியில் பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள் ஜோடி ஒன்று சீல் வைத்து அலமாரியில் இருக்கும். அதை வைத்திருப்பது ஆடிட்டுக்குக் காட்ட இல்லை. தினமும் வேலை தொடங்கும் முன்னால், நல்ல வெளிச்சத்தில், இரண்டு நிமிஷம் அதன் அப்பரையும் தையலையும் பாருங்கள். மதியம் சாப்பிட்டு வந்ததும் இன்னொரு தடவை, ஏனென்றால் கண் சோர்வது அப்போதுதான். வாரத்துக்கு ஒரு நாள், நீங்கள் பாஸ் பண்ணியதிலிருந்து பத்து ஜோடி எடுத்து, நீங்கள் பாஸ் பண்ணியது என்று சொல்லாமல் வேறு லைனில் இருக்கும் ஒருவரிடம் பார்க்கக் கொடுங்கள். அவர் நிறுத்தியது எத்தனை என்று ஒரு சின்ன நோட்டில் குறியுங்கள். ஒரு வாரம் கூடிப்போனால் விடுங்கள். தொடர்ந்து கூடிக்கொண்டே போனால் ‘இன்னும் கவனமாக இருக்கணும்’ என்று சபதம் எடுக்காதீர்கள், சபதத்தால் எந்த மெஷினும் சரியானதில்லை. என்ன மாறியது என்று தேடுங்கள். டியூப்லைட் மாறியதா, தோல் சப்ளை மாறியதா, டார்கெட் ஏறியதா, தூக்கம் குறைந்ததா? எங்களுக்குப் பாதி நேரம் மெஷினுக்குள் இருக்கும் பழைய பல்பும் புது ரீஏஜென்டும் (சோதனை ரசாயனம்)தான் காரணமாக இருக்கும்.

வீட்டுக்கு ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டம், படிப்பு, கணக்கு மூன்றையும் சேர்த்துத் தூக்கினால் மூன்றும் விழும். காலண்டரில் புள்ளி வையுங்கள். 20இல் ஒன்று தவறினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

‘ரொம்பப் பார்க்காதே’ என்கிற சீனியர்களிடம் சண்டை போட வேண்டாம். ஷிப்மென்ட் வாரத்தில் தளர்த்தச் சொல்வார்கள், சில சமயம் அதில் நியாயமும் இருக்கும். எங்களுக்கும் ‘சும்மா எண்ணைச் சொல்லுங்க, டாக்டர் வெயிட் பண்றார்’ என்று போன் வரும். ‘இன்னும் 40 நிமிஷம் ஆகும் சார்’ என்று மெதுவாகச் சொன்னால் பெரும்பாலும் காத்திருப்பார்கள். முடியாதபோது, எத்தனை ஜோடி, என்ன குறை, யார் விடச் சொன்னார் என்று அன்றைய தேதியில் எழுதி அவரிடமே கையெழுத்து கேளுங்கள். எழுத வேண்டும் என்றதும் பாதிப் பேர் ‘சரி, ரிப்பேருக்கு அனுப்பு’ என்பார்கள். மீதிப் பேர் கையெழுத்துப் போட்டால், அந்த ஜோடிகளை உங்கள் நோட்டில் தனிப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் கண்ணின் கணக்கோடு அதைக் கலக்காதீர்கள்.